ஆடைத் தொழிற்சாலையை இளையவர்கள் எதைக்கொண்டு அளக்கிறார்கள்?

விடிவதற்கு முன்பே ஏ9 வீதியிலும் அதிலிருந்து பிரியும் குறுக்கு வீதிகளிலும் அந்த பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். சந்திகளில் சாப்பாட்டுப் பையும் தண்ணீர்ப் போத்தலுமாக இரண்டு மூன்று பேராக நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கமும் வவுனியாப் பக்கமும் போகும். பொழுதுபட்ட பிறகு அதே சந்திகளில் இறக்கிவிடும். பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வடக்குக்கு வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. இந்தக் காட்சி இன்று யாருக்கும் புதினமில்லை. ஆனால், பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. போன வருடம் இந்தச் சந்தியில் நின்றவள் இந்த வருடம் நிற்பதில்லை. அவளுடைய தங்கை நிற்கிறாள். அடுத்த வருடம் அவளும் நிற்பாளா என்பது நிச்சயமில்லை.

முகாமைத்துவத்தின் மொழியில் இது ‘ஆட்கள் நிலைக்காத பிரச்சினை’. ஊரில் பெரியவர்கள் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை’ என்பார்கள். இரண்டும் ஒரு விடயத்தைத் தவறவிடுகின்றன. வேலையிலிருந்து நின்றுவிடும் இருபது வயதுப் பெண், அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அந்த முடிவைச் சொல்ல அவளுக்கு வேறு வழி கிடைக்கவில்லை, அதனால் நின்றுவிட்டாள். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வருகிறார்கள், அப்படி நின்றுவிடுவதால் அவர்கள் கையிலிருந்து எவ்வளவு பணம் போகிறது என்பவற்றைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் போனவர்கள்

2009க்குப் பிறகு ‘வடக்கின் வசந்தம்’ என்ற பெயரில் அரசாங்கம் வீதிகளையும் முதலீடுகளையும் கொண்டுவந்த காலத்திலேயே ஆடை நிறுவனங்களும் வந்தன. மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானையில் பிரண்டிக்ஸ், வவுனியாவில் இத்தாலிய கல்செடோனியா குழுமத்தின் ஒமேகா லைன், கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் ‘வானவில்’, ‘விடியல்’ என்பன அவற்றில் பெரியவை. தெற்கில் ஏற்கனவே ஆள் கிடைக்காத நிலை தோன்றியிருந்தது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபோது கிராமங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் தையல் மெஷினில் உட்கார விரும்பவில்லை. வன்னியிலோ வேலை தேடும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நிறுவனங்கள் வந்ததற்கு நல்லெண்ணமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆள் தேவை நிச்சயமாக ஒரு காரணம்.

அன்று போனவர்கள் முகாமிலிருந்து வந்தவர்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில்தான். கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர், வீட்டுக்குக் கூரை இல்லாதவர், உடம்பில் ஷெல் துண்டோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து தைக்க வேண்டியிருந்தவர், புனர்வாழ்வு முடித்து வந்து வேறெங்கும் வேலை கேட்க முடியாதிருந்தவர் என்று பலரும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய நாட்கள் இருந்தன. திகதி தவறாமல் வரும் சம்பளம், வாசல்வரை வரும் பஸ், ஒரு நேரச் சாப்பாடு, ஊழியர் சேமலாப நிதி என்ற பெயரில் ஒரு சேமிப்பு. கச்சான் பிடுங்கும் கூலியோடும், வாரம் தவறாமல் படலையில் வந்து நிற்கும் நுண்கடன் கம்பனிக்காரனோடும் ஒப்பிட்டால் அது பெரிய விடயம். சூப்பவைசர் ஏசினால் ‘அதுக்கென்ன, ஏசிவிட்டுப் போகட்டும்’ என்று இருந்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும்.

இன்று பஸ்ஸுக்கு நிற்பவள் 2004 அல்லது 2005இல் பிறந்தவள். முள்ளிவாய்க்காலில் அம்மாவின் இடுப்பில் இருந்தவள். சாதாரண தரம் எழுதியவள், பலர் உயர்தரமும் எழுதியவர்கள். கையில் போன் இருக்கிறது. அவள் தன் வேலையை முகாமோடு ஒப்பிடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் சுப்பர் மார்க்கெட்டில் நிற்கும் சிநேகிதியோடு, கொழும்பில் ஒஃபிஸில் இருக்கும் மச்சாளோடு, பிரான்ஸிலோ கனடாவிலோ களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் அண்ணனோடு ஒப்பிடுகிறாள். அம்மாவுக்கு இது நன்றிகெட்ட பேச்சாகத் தெரிகிறது. பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும் சண்டையே இதுதான். மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். ஒரு வேலைத்தளத்தை உலகத்திலேயே மிக மோசமான இடத்தோடு ஒப்பிட்டு நல்லது என்று சொல்வது, அந்த வேலைத்தளத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான சான்றிதழ்.

லைனில் நடப்பது

நிறுவனங்கள் தங்கள் பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது சுவரில் உள்ள வாசகங்களைக் காட்டும். இலங்கை ஆடைத்துறை 2006இல் ‘குற்றவுணர்வற்ற ஆடைகள்’ என்ற பிரசாரத்தை உலகச் சந்தையில் தொடங்கியது. சிறுவர் உழைப்பு இல்லை, கட்டாய உழைப்பு இல்லை என்பதே அதன் பேச்சு. மாஸ் நிறுவனம் 2003 முதல் பெண்களின் முன்னேற்றத்துக்கென ஒரு தனித் திட்டமே நடத்துகிறது. பங்களாதேஷில் 2013இல் ரானா பிளாஸா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் அதிகமானோர் இறந்ததை நினைத்தால், இலங்கையின் பெரிய தொழிற்சாலைகள் கட்டடத்திலும் காற்றோட்டத்திலும் பாதுகாப்பிலும் எவ்வளவோ மேல். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் லைனில் இருக்கும் பெண் நிறுவனத்தை அளப்பது கட்டடத்தைப் பார்த்தல்ல. அவள் பார்ப்பவை சின்ன விடயங்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அவை அற்பமாகத் தெரியும்.

முதலாவது பேச்சு. சிங்களம் தெரியாமல் போகும் பிள்ளைகள்கூட சில வாரங்களுக்குள் ‘ஓயா’வுக்கும் ‘உம்ப’வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் முகாமையாளர்களும் பயிற்றுநர்களும் பெரும்பாலும் தெற்கிலிருந்தே வந்தார்கள். அப்போது ஏச்சு வேற்று மொழியில் வந்தது. இப்போது பல லைன்களில் சூப்பவைசர் நம்முடைய ஊர்ப் பிள்ளை. ‘வாடி, போடி’ என்று தமிழில் வருகிறது. அதனால் வலி குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. சொந்த மொழியில் ஏச்சு வாங்கும்போது ஒரு சொல்லும் புரியாமல் போவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

இரண்டாவது, கழிப்பறை. இதை மேலோட்டமாகப் பார்த்தால் ‘போக விடுகிறார்களா, இல்லையா’ என்ற கேள்வியாகத் தெரியும். விடயம் அதைவிடச் சிக்கலானது. ஒரு லைனில் இருபது முப்பது மெஷின்கள் வரிசையாக இருக்கும். ஒருத்தி கழுத்துப்பட்டி தைப்பாள், அடுத்தவள் கை பொருத்துவாள், அதற்கடுத்தவள் ஓரம் மடிப்பாள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை செக்கன் என்று அளந்து, மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் என்று டார்கட் போடப்படும். லைன் தலைப்பில் உள்ள போர்டில் மணிக்கு மணி அந்த எண்ணிக்கை எழுதப்படும். நடுவில் ஒருத்தி ஐந்து நிமிடம் எழுந்து போனால் அவள் மெஷினில் பீஸ் குவியும், அவளுக்கு அடுத்தவள் கை சும்மா இருக்கும். டார்கட் தவறினால் ஊக்குவிப்புக் கொடுப்பனவு முழு லைனுக்கும் குறையும். ஆகவே அவளைத் தடுப்பது சூப்பவைசர் மட்டுமல்ல, பக்கத்து மெஷின்காரியின் பார்வையும்தான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது இங்கிருந்துதான் தொடங்குகிறது. சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களின் அவதி எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பல மெஷின்களும் ஓட்டத் தெரிந்த மேலதிக ஆளை ‘ஜம்பர்’ என்று அழைப்பார்கள். யாராவது எழுந்தால் ஜம்பர் வந்து உட்காருவார். ஒரு லைனுக்குப் போதிய ஜம்பர்கள் இருக்கிறார்களா, அல்லது லீவு போட்டவர்களின் இடத்தை நிரப்பவே அவர்கள் தீர்ந்துபோகிறார்களா என்று பார்த்தால், அந்த நிறுவனம் மனிதருக்கு உடம்பு உண்டு என்பதைக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கணக்காய்வு நாள். வெளிநாட்டு பிராண்டுகளின் சார்பில் ஆட்கள் வந்து பார்க்கும் நாளில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். முதலுதவிப் பெட்டி நிரம்பியிருக்கும், குரல்கள் தாழ்ந்திருக்கும். மறுநாள் என்ன நடக்கிறது என்பதை இளையவர்கள் மிகக் கவனமாகப் பார்க்கிறார்கள். இரண்டு நாட்களுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு நிறுவனத்தின் மீதுள்ள மதிப்பு குறைகிறது. தூரமே இல்லாத தொழிற்சாலைகளும் உண்டு. அங்கே ஆட்கள் கூடுதல் காலம் நிற்கிறார்கள்.

நான்காவது, மேலே போகும் வழி. மெஷினில் இருப்பவள் தர சோதனைக்கோ, லைன் பொறுப்புக்கோ, அலுவலக மேசைக்கோ போக முடியுமா? உயர்தரம் படித்தவளுக்கு இது பெரிய கேள்வி. உள் அறிவித்தல்கள் தமிழிலும் ஒட்டப்படுகின்றனவா, ஆங்கிலமும் சிங்களமும் தெரிந்தவர்களுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லப்படுகின்றனவா என்பதிலேயே விடை இருக்கிறது.

ஒரு நாள் லீவின் விலை

இவை எல்லாவற்றையும்விடப் பிள்ளைகள் அதிகம் பேசுவது வருகைப் போனஸைப் பற்றி. மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் சில ஆயிரம் ரூபா சேர்த்துக் கொடுக்கப்படும். ஒரு நாள் வராவிட்டால் குறையும், சில இடங்களில் முழுவதும் போய்விடும். சட்டப்படி ஒரு வருட சேவையை முடித்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை உண்டு. அந்த விடுமுறையை எடுத்தாலும் போனஸில் கை வைக்கப்படும் முறை பல இடங்களில் இருக்கிறது. போனஸ் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட ஒன்றல்ல, நிறுவனம் விரும்பிக் கொடுப்பது. அதனால் அதன் நிபந்தனைகளையும் நிறுவனமே வைக்கிறது. சட்டம் ஒரு கையால் கொடுத்த லீவை இந்த நிபந்தனை மறு கையால் விலைக்கு விற்கிறது.

தெற்கில் இது பணப் பிரச்சினை. வன்னியில் இது அதற்கும் மேல். மே 18 பொது விடுமுறை அல்ல. 2025இல் அது ஞாயிற்றுக்கிழமையாக வந்தது, பிரச்சினை இல்லை. 2026இல் திங்கட்கிழமை. முள்ளிவாய்க்காலுக்குப் போய் ஒரு விளக்கு வைத்துவிட்டு வர வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அது சம்பளச் சிட்டையில் எண்ணாகவே வரும். நவம்பர் 27 மாலையும் அப்படித்தான். மேலதிக நேரம் போடப்பட்டிருந்தால் விளக்கேற்றும் நேரத்தில் அவள் மெஷினில் இருப்பாள், அல்லது பஸ்ஸில் இருப்பாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வீதியோரம் அமர்ந்திருக்கும் அம்மாவுக்குத் துணையாகப் போவதற்கும், வற்றாப்பளைப் பொங்கலுக்கும், ஒரு செத்தவீட்டுக்கும் இதே கணக்குத்தான்.

இந்த நாட்களில் உற்பத்தித் திட்டத்தையே மாற்றி, வேறொரு சனிக்கிழமையில் ஈடுசெய்ய விடும் முகாமையாளரைப் பிள்ளைகள் நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பார்கள். ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படிச் செய்தால் இன்னும் மதிப்பார்கள். சம்பளத்தில் ஐநூறு ரூபா கூட்டிக் கொடுத்தும் கிடைக்காத மதிப்பு அது. மாறாக, லீவு படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘காய்ச்சல்’ என்று பொய் எழுத வேண்டியிருந்தால், அந்தப் பொய்யை எழுதவைத்த இடத்தை அவள் மனதால் அன்றே விட்டுவிடுகிறாள்.

நிற்கும்போது கையிலிருந்து போவது

இனி, பணக் கணக்கு. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபா அடிப்படைச் சம்பளம் உள்ளவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபா. நிறுவனத்தின் பங்கு 12 வீதம், 3,600 ரூபா. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம், 900 ரூபா கட்ட வேண்டும். அந்த 900 ரூபா உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கப்படக்கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘கைக்கு நாற்பத்தைந்து வரும்’ என்று சொல்லி ஆள் சேர்க்கும்போது, அந்த நாற்பத்தைந்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, போனஸும் ஊக்குவிப்பும் மேலதிக நேரமும் எவ்வளவு என்று கேட்க வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு சேமலாப நிதி இல்லை. வருகைப் போனஸும் ஊக்குவிப்பும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. மேலதிக நேரத்துக்கான ஒன்றரை மடங்கும், பணிக்கொடையும் போனஸை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. இரண்டு தொழிற்சாலைகள் ஒரே தொகையைக் கையில் கொடுக்கலாம். ஒன்றில் அடிப்படைச் சம்பளம் கூட, மற்றதில் போனஸ் கூட. பத்து வருடத்துக்குப் பிறகு இரண்டிலும் நின்றவர்கள் இரண்டு விதமான நிலையில் இருப்பார்கள். இளையவர்கள் பேச்சையும் கழிப்பறையையும் சரியாக அளக்கிறார்கள், இதை மட்டும் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

அடுத்தது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்க வேண்டும். தானாகவே விலகினாலும் உண்டு. 30,000 ரூபாவில் ஐந்து வருடம் முடித்தால் 75,000 ரூபா. நான்கு வருடம் பத்து மாதத்தில் ‘இனி முடியாது’ என்று நின்றால் ஒன்றும் இல்லை. சூப்பவைசரோடு சண்டை பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் இருக்கும்போது நின்றவர்கள் உண்டு. கோபத்தில் நியாயம் இருந்தாலும், நியமனக் கடிதத்தில் உள்ள திகதியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோபப்படலாம்.

சேமலாப நிதியை வழமையாகப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்ணுக்கு அதற்கு முன்பே எடுக்க வழி உண்டு. நம்முடைய பகுதிகளில் பலர் அந்தப் பணத்தைச் சீதனக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் உண்மை அதுதான். தொழிற்சாலை விட்டுத் தொழிற்சாலை மாறும்போது முன்னைய கணக்கு அழிந்துவிடாது, அது உங்கள் பெயரில்தான் இருக்கும். மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்று நிறுவனத்தின் ஊடாகவே வருவதால், நின்றுவிட்டவர்கள் அதைக் காண்பதில்லை. நிற்பதற்கு முன் கடைசிக் கூற்றைக் கேட்டு வாங்குங்கள்.

பெண்களுக்கு மேலதிக நேரம் மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும், குழந்தை பெற்றவருக்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு என்பதும், வேலைத்தளப் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடம்வரை சிறை செல்லக்கூடிய குற்றம் என்பதும் பலரும் கேள்விப்பட்டவைதான். கேள்விப்பட்டதை லைனில் யாரிடம் போய்ச் சொல்வது என்பதே பிரச்சினை.

யாரிடம் சொல்வது?

முதலீட்டுச் சபையின் கீழுள்ள தொழிற்சாலைகளில் ‘ஊழியர் சபை’ என்று ஒன்று இருக்கும். தொழிலாளர்கள் தெரிவுசெய்யும் பிரதிநிதிகள் முகாமைத்துவத்தோடு மாதாமாதம் உட்கார்ந்து பேசுவார்கள். பஸ் பிந்துவது, சாப்பாட்டின் தரம், மின்விசிறி போன்றவை அங்கே தீரும். டார்கட், சம்பளம், ஏச்சு என்று வரும்போது அந்த மேசை சின்னதாகிவிடும். சில இடங்களில் பிரதிநிதியைத் தெரிவுசெய்வதே மனிதவளப் பிரிவு என்பதுதான் நடைமுறை. தொழிற்சங்கம் வேறு. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆனால் நிறுவனம் அதனோடு பேசியே ஆக வேண்டும் என்ற நிலை வர, 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, சம்பந்தப்பட்ட தொழிலாளரில் 40 வீதத்தினர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆட்கள் ஒரு வருடத்தில் நின்றுவிடும் இடத்தில் 40 வீதத்தைச் சேர்ப்பது தண்ணீரை அள்ளிக் கையில் வைத்திருப்பது மாதிரி. சேரச் சேர ஒழுகிப் போகும். நின்றுவிடுவது ஒருத்திக்கு விடுதலை, எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் பலவீனம்.

இதற்கு மேல் வன்னியில் இன்னொரு தயக்கம் இருக்கிறது. கூட்டம் போட்டால் யார் வந்து பெயர் கேட்பார்கள் என்ற பயம். போருக்குப் பிந்தைய நாட்களில் ஒரு வீட்டில் நாலு பேர் கூடினாலே விசாரணை வந்ததை அம்மாக்கள் மறக்கவில்லை. ‘நீ ஒன்றிலும் சேராதே, பேசாமல் வேலையைப் பார்’ என்று அவர்கள் சொல்லி அனுப்புவது கோழைத்தனத்தால் அல்ல.

ஆனாலும் கூட்டாகச் சொன்னால் கேட்கும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 2011 மே மாதம் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்கவில் ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். தங்கள் சேமலாப நிதியில் கை வைக்கப்படுகிறது என்பதே அவர்களுடைய கோபம். மே 30 அன்று பொலிஸார் சுட்டதில் காயமடைந்த இளம் தொழிலாளி ரொஷேன் சானக இரண்டு நாட்களின் பின் இறந்தார். சட்டமூலம் மீளப் பெறப்பட்டது. அந்த வலயத்தில் அப்போது வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் போன தமிழ்ப் பிள்ளைகளும் வேலை செய்தார்கள்.

இன்னோர் உதாரணம் நம்முடைய மொழியிலேயே இருக்கிறது. நமக்குத் தெரிந்த அதே உலக பிராண்டுகளுக்குத் தைக்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஒன்று திண்டுக்கல்லில் இருந்தது. 2021 ஜனவரியில் அங்கே வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதற்குப் பிறகுதான் மற்றப் பெண்கள் வாய் திறந்தார்கள். தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஒரு தொழிற்சங்கம் அதை எடுத்துக்கொண்டு போராடி, 2022 ஏப்ரலில் தொழிற்சாலை உரிமையாளரோடும் எச் அன்ட் எம் நிறுவனத்தோடும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. கப், பி.வி.எச். ஆகிய நிறுவனங்களும் அதில் இணைந்தன. சுவரில் ஒட்டும் நடத்தைக்கோவைக்கும் இதற்கும் வித்தியாசம், இது மீறப்பட்டால் பிராண்ட் அந்தத் தொழிற்சாலைமீது வியாபார நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பதுதான். லைனுக்குள்ளேயே சங்கம் பயிற்றுவித்த பெண்கள் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கே அது பதிவாகும். ஒருத்தி சாக வேண்டியிருந்தது என்பது கசப்பு. வன்னியில் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நிறுவனங்களின் பதில் நமக்குத் தெரியும். ‘சத்தம் போட்டால் ஓடர் போய்விடும்.’ அந்தப் பயம் வெறும் கதையுமல்ல. 2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நெக்ஸ்ட் நிறுவனம் தன் தொழிற்சாலையை மூடியபோது ஆயிரத்து நானூறு பேரளவில் வேலை இழந்தார்கள். அதே வருடம் அமெரிக்கா இலங்கைப் பொருட்கள் மீது முதலில் அறிவித்த வரி 44 வீதம். பிறகு 20 வீதமாகக் குறைந்தது. நாட்டின் பொருள் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடையிலிருந்து வருகிறது என்பதால் இது எல்லோரையும் தொடும். ஆனால் அந்த வரியை ஏற்றியதோ இறக்கியதோ லைனில் வாய் திறந்த பிள்ளை அல்ல. ஆள் நிலைக்காமல் ஒவ்வொரு மாதமும் புதியவர்களுக்கு முதலிலிருந்து பயிற்சி கொடுப்பதற்கும் பணம் செலவாகிறது. ஒரு ஜம்பரை வைப்பதும், சூப்பவைசருக்கு ஏசாமல் வேலை வாங்கப் பழக்குவதும் அதைவிட அதிகமாகச் செலவாகும் என்று நம்புவது கடினம்.

நின்றுவிட நினைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், லீவு மறுக்கப்பட்ட படிவம் இருந்தால் அது, எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வேறொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். நிறுவனமே உங்களை நிறுத்த நினைக்கும்போது ‘விலகல் கடிதம் எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால், அன்றே எழுதிக் கொடுக்காதீர்கள். விலகியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றல்ல. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்யப் பணம் கட்டத் தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அது அரச அலுவலகம் என்பதால் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும், பதிலைத் தமிழில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.